கட்டடக் கலைஞர் சங்கம் வளர்கிறது, சரி. சுங்கை சிப்புட்டுக்கு அதில் என்ன பங்கு?

பால்மரம்:
பேராக், சுங்கை சிப்புட்டில் இருக்கிற நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தைப் பதினைந்து வருடத்துக்கு முன் ஊர்ப் பணத்தில் கட்டினோம். இப்போது கூரையை மாற்ற மானியம் கேட்டுப் போனால், அங்கீகரித்த பிளான் எங்கே, கட்டடம் ஒழுங்காக முடிந்ததற்கான சிசிசி சான்றிதழ் எங்கே என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. அன்றைக்குக் குத்தகையாளர் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கோடு போட்டுக் காட்டினார், அதுதான் பிளான். இன்னும் என்னிடம் இருக்கிறது. நாற்பதுக்கு அறுபது என்று பென்சிலில் எழுதி, தூண் வரும் இடங்களில் பெருக்கல் குறி போட்டிருக்கும். ஒரு ஓரத்தில் சிமெண்டு மூட்டைக் கணக்கு.

இதைச் சரி செய்ய மூன்று கட்டடக் கலைஞர்களிடம் பேசினேன். ஒருவர் சின்ன வேலை எடுப்பதில்லை என்றார். ஒருவர் திரும்ப அழைக்கவே இல்லை. மூன்றாமவர் சொன்ன தொகை மண்டபக் கணக்கில் இருப்பதைவிட அதிகம்.

அவர்களுடைய சங்கத்தை, அதாவது மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கத்தைப் பற்றி அப்புறம்தான் தேடிப் படித்தேன். பெரிய பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். ஆலோசனைப் பொறியாளர் சங்கத்தோடு சேர்ந்து 2009-ல் ஜிபிஐ என்ற பசுமைக் கட்டடத் தர அளவீட்டைக் கொண்டுவந்தார்கள். நல்ல கட்டடங்களுக்கு விருது கொடுக்கிறார்கள். பங்சாரில் சொந்தக் கட்டடம் இருக்கிறது. 2024 நவம்பரில் உலகக் கட்டடக் கலைஞர் ஒன்றியத்தின் அனைத்துலக மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார்கள். எல்லாம் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வளர்ச்சி எங்கள் கோயில் வாசல் வரை வரவில்லை என்றால் அதை நான் எப்படி வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது?

வரைகோல் (ஈப்போ):
அண்ணே, நான் அந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் பதில் சொல்லக் கடமை இருக்கிறது. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். வாரியம் வேறு, சங்கம் வேறு. 1967 கட்டடக் கலைஞர் சட்டத்தின்படி பெயரைப் பதிவு செய்வதும், தவறு செய்தால் நடவடிக்கை எடுப்பதும் கட்டடக் கலைஞர் வாரியம். அது சட்டம் அமைத்த அமைப்பு. சங்கம் என்பது நாங்கள் சந்தா கட்டிச் சேர்ந்திருக்கும் இடம். அதற்கு யாரையும் இந்த வேலையை எடு என்று சொல்லும் அதிகாரம் கிடையாது.

இரண்டாவது, சிசிசி. 2007 ஏப்ரலுக்கு முன் கட்டடத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுத்தது நகராண்மைக் கழகம். எல்லாரும் சிஎஃப் என்போமே, அது. 2007-க்குப் பிறகு பிளான் சமர்ப்பித்தவரே, கட்டடம் ஒழுங்காக முடிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். நாளை கூரை விழுந்தால் அந்தக் கையெழுத்துக்காரரைத்தான் கேட்பார்கள். அடித்தளம் எத்தனை அடி, தூணுக்குள் என்ன கம்பி போட்டார்கள் என்று பார்க்காமல், கட்டி முடித்துப் பதினைந்து வருடம் ஆன மண்டபத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்? மனமில்லாமல் மறுக்கவில்லை. பயத்தில் மறுக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமான பயம்.

மேஸ்திரி மகன்:
என் அப்பா நாற்பது வருடம் கல் அடுக்கினார். இந்த வட்டாரத்தில் ஏழு கோயில்களுக்குச் சுவர் எழுப்பியவர். ஒரு கட்டடக் கலைஞரும் பக்கத்தில் நின்றதில்லை. ஏழும் நிற்கின்றன.

பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகைக்குப் போய்ப் பாருங்கள். 1915-ல் தொடங்கிய வேலை, 1926-ல் அதன் சொந்தக்காரத் தோட்டத் துரை கெல்லி ஸ்மித் லிஸ்பனில் இறந்ததும் அப்படியே நின்றுபோனது. அதைக் கட்ட உழைத்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதற்காகத்தான் பக்கத்தில் மாரியம்மன் கோயில் எழுப்பினார்கள். தொப்பி போட்ட துரையின் உருவம் கோயில் கூரையில் இன்றும் நிற்கிறது. கல் சுமந்தவர்களுக்கு உருவம் இல்லை.

கட்டடம் கட்டுவது கை அறிவு. இந்தச் சட்டமெல்லாம் வந்த பிறகு, கை அறிவு உள்ளவன் கையெழுத்து உள்ளவனின் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. 2010-ல் கட்டடக் கலைஞர்களுக்குக் குறைந்தபட்சக் கட்டண விதி வேறு போட்டார்கள். தொழில்காரர்களின் சம்பளத்தைக் காப்பாற்ற விதி இருக்கிறது. எங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு என்ன இருக்கிறது?

ஓய்வு டீச்சர்:
தம்பி, உங்கள் அப்பா கட்டிய சுவர் நிற்கிறது. சந்தோஷம். ஆனால் நிற்பது மட்டும் போதுமா?

நான் கடைசியாக வேலை செய்த தமிழ்ப்பள்ளியில் வகுப்பறை போதாமல் மண்டபத்தைப் பலகையால் தடுத்து மூன்றாம் ஆண்டு வகுப்பாக்கினோம். பெற்றோர் சங்கம் பணம் போட்டது, ஒரு குத்தகையாளர் மூன்று நாளில் முடித்துக் கொடுத்தார். ஜன்னல் ஒரு பக்கம் மட்டும். மறு பக்கம் முழுப் பலகை. பதினொரு மணிக்கு மேல் காற்றே இருக்காது. கடைசி வரிசையில் உட்கார்ந்த ஒரு பெண் பிள்ளை நோட்டை வெளிச்சம் விழும் பக்கம் சாய்த்துப் பிடித்துத்தான் எழுதுவாள். கழுத்து ஒரு பக்கமாகவே இருக்கும். கண் சரியில்லையோ என்று நினைத்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தேன். கண்ணில் ஒன்றுமில்லை. அறைதான் சரியில்லை.

பிறகு ஒரு முன்னாள் மாணவன் சொல்லித்தான் தெரிந்தது. 1984 கட்டடத் துணைச்சட்டத்தில் வகுப்பறைக்கென்று தனி அளவு இருக்கிறதாம். தரைப்பரப்பில் 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஜன்னல், 10 விழுக்காடு காற்றுப் போகிற திறப்பு. எங்கள் அறையை நாடா வைத்து அளந்து பார்த்தோம். பாதிகூட இல்லை. இரண்டு வருடம் அந்தப் பிள்ளைகளை அதில் உட்கார வைத்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. கை அறிவுக்கு மரியாதை உண்டு தம்பி, ஆனால் அந்தக் கணக்கைச் சொல்ல ஓர் ஆள் அன்று எங்களுக்கு இல்லை.

மேஸ்திரி மகன்:
டீச்சர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், ஆள் இல்லை என்பதுதான் என் புகாரும்.

வரைகோல் (ஈப்போ):
குறைந்தபட்சக் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வருடம் படித்து, குறைந்தது இரண்டு வருடம் வேலை அனுபவம் சேர்த்து, வாரியத்தின் மூன்றாம் பகுதித் தேர்வு எழுதித்தான் ஒருவர் பெயருக்கு முன்னால், கட்டடக் கலைஞர் என்பதற்கான ஏஆர் போட முடியும். கட்டணத்தைப் போட்டி போட்டுக் குறைத்தால் முதலில் குறைவது வேலையிடத்துக்குப் போகும் தடவைகள். மாதம் நான்கு முறை போக வேண்டியவர் ஒரு முறை போவார். அப்புறம் தூணுக்குள் என்ன கம்பி என்று அவருக்கும் தெரியாது.

சரி, பால்மரம் அண்ணனின் மண்டபத்துக்கு வருகிறேன். நாற்பதுக்கு அறுபது என்றால் 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். ஒரே மாடி. இதற்குக் கட்டடக் கலைஞரே வேண்டியதில்லை. வாரியத்தில் பதிவு பெற்ற கட்டடப் பிளான் வரைவாளர்கள் இருக்கிறார்கள். இரண்டு மாடிக்கும் 300 சதுர மீட்டருக்கும் மேற்போகாத கட்டடங்களின் பிளானை அவர்களே சமர்ப்பிக்கலாம். தூணும் கூரையும் தாங்குமா என்று பார்க்க ஒரு கட்டமைப்புப் பொறியாளர் தனியாக வேண்டும். முதலில் இருக்கிற கட்டடத்தை அளந்து, இருக்கிறபடியே வரைய வேண்டும். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

பால்மரம்:
தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. ஆனால் நான் சொல்ல வந்ததும் இதையேதான். நீங்கள் எழுதியது பத்து வரி. அந்தப் பத்து வரி தெரியாமல் நான் ஏழு மாதம் அலைந்தேன். மூன்று பேரிடம் பேசினேனே, ஒருவர்கூட வரைவாளரிடம் போங்கள் என்று சொல்லவில்லை.

வழக்கறிஞர் மன்றத்தைப் பாருங்கள். உறுப்பினர்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் பணத்தில் தீபகற்ப மாநிலங்களில் சட்ட உதவி மையம் நடத்துகிறார்கள். ஈப்போவில்கூட இருக்கிறது. தோட்டத்திலிருந்து ஆட்களை வெளியேற்றியபோது நம் பெரியவர்கள் ஏறாத படி இல்லை, அவர்களுக்குக் கேட்டுச் சொல்ல வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள். கட்டடக் கலைஞர் சங்கத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் சபா, சரவாக்கிலும் கிளைகள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு சமூக மண்டபத்தில் ஒரு மேசை. அதுதான் நான் கேட்பது. இலவசமாக வரைந்து தர வேண்டாம். எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று சொன்னால் போதும்.

வரைகோல் (ஈப்போ):
வழக்கறிஞர் சொல்லும் யோசனைக்கும் எங்கள் யோசனைக்கும் வித்தியாசம் இருக்கிறது. அவர் சொன்னது கோர்ட்டோடு முடியும். நான் மேசையில் உட்கார்ந்து, இந்தச் சுவரை எடுக்கலாம் என்று வாயால் சொன்னால், மறுநாள் ஒருவர் சுத்தியலோடு நிற்பார். வீட்டைப் பார்க்காமல் எதையும் சொல்வது ஆபத்து.

ஆனால் வழி காட்டுவதில் ஆபத்தில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கட்டடத்துக்கு யாரிடம் போவது, என்ன படிவம், எந்த வரிசையில். இதை நாங்கள் தமிழில் ஒரு பக்கத்தில்கூட எழுதி வைக்கவில்லை. அது எங்கள் குறை.

செம்பனை:
ஒப்பந்தத்தையும் அந்தப் பக்கத்தில் சேருங்கள். என் வீட்டுச் சமையலறையை நீட்ட ஒரு குத்தகையாளருக்கு முன்பணமாகப் பாதிக்கு மேல் கொடுத்தேன். ஜிங்க் கூரை போடும் முன்பே காணாமல் போய்விட்டார். கையில் எழுத்து எதுவும் இல்லை.

வரைகோல் (ஈப்போ):
சங்கம் செய்த வேலைகளில் நான் பெரிதாக மதிப்பது அதைத்தான். சங்கம் வெளியிட்ட மாதிரிக் கட்டட ஒப்பந்தங்கள் இருக்கின்றன, 2018-லும் ஒரு பதிப்பு வந்தது. முடிந்த வேலைக்குத்தான் பணம். அதிலும் ஒவ்வொரு தவணையிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, குறைகளைச் சரி செய்த பிறகே கடைசித் தொகையை விடுவார்கள். சமையலறை வேலைக்கு அந்த முழு ஒப்பந்தமும் பெரிது. ஆனால் அந்த முறையை அப்படியே எடுத்து இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கலாம்.

ஓய்வு டீச்சர்:
அந்த இரண்டு பக்கத்தை நீங்கள் எழுதுங்கள் தம்பி, தமிழை நான் திருத்தித் தருகிறேன்.

இன்னொன்று. நம் பழைய தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடு இரண்டு வரிசைதான் மிச்சம். அங்கே புதுக் குடியிருப்பு, தாமான் வரப் போகிறது என்று பேச்சு. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூடிஎம்மில் கலாம் என்ற மையம், மாணவர்கள் அளந்து வரைந்த பழைய வீடுகள், பள்ளிவாசல்களின் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று அந்த முன்னாள் மாணவன் சொன்னான். நம் லயனையும் யாராவது அளந்து வைத்தால் என்ன? முன் திண்ணை, ஒரு கூடம், புகை படிந்த அடுப்பங்கரை. நான் பிறந்தது அதில்தான்.

மேஸ்திரி மகன்:
அந்தக் கடைசி வரிசையின் பின்சுவர் என் அப்பா பூசியது. அளப்பதென்றால் நான் வருகிறேன். மண்டபத்துத் தூண்களையும் தட்டிப் பார்த்துச் சொல்கிறேன், எது உள்ளே வெறுமை என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் கட்டண விதியைப் பற்றி நான் கேட்டது நம்மைப் போன்றவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று. அதற்கு வரைகோல் இன்னும் பதில் சொல்லவில்லை.

வரைகோல் (ஈப்போ):
உண்மைதான், சொல்லவில்லை. என்னிடம் நல்ல பதில் இல்லை. சனிக்கிழமை நேரில் பேசுவோம். தூண்களை நீங்கள் தட்டுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். பொறியாளரிடம் கொடுக்க அந்தக் குறிப்பு உதவும்.

பால்மரம்:
காலை எட்டு மணி, கோயில் வாசல். நோட்டுப் புத்தகத் தாளைக் கொண்டு வருகிறேன். முப்பது மீட்டர் நாடா யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள், என்னிடம் இருப்பது ஐந்து மீட்டர்தான்.