ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டரை டிரைவரே முறுக்கலாமா?

பெஞ்சூரு பாண்டி:
ஒரு பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறேன். சிங்கப்பூரில் எங்கள் கம்பெனியில் புதிதாக ஓர் உத்தரவு. பிரைம் மூவர் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கையோடு ஸ்பேனர் வைத்திருக்க வேண்டுமாம். மாட்டுகிற டிரெய்லரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று தோன்றினால், யார்டிலேயே அடியில் புகுந்து ஸ்லாக் அட்ஜஸ்டரை (பிரேக் லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்கிற பாகம்) முறுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டுமாம். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் அரை நாள் போய்விடுகிறது என்பது சூப்பர்வைசர் கணக்கு. எங்கள் டிரெய்லர்களில் இருப்பது ஆட்டோ அட்ஜஸ்டர், தானாகவே சரிசெய்துகொள்கிற வகை. நான் தொட மாட்டேன் என்றேன். "காலங்காலமாக டிரைவர் செய்கிற வேலைதானே, உனக்கு மட்டும் என்ன?" என்கிறார். ஏர் பிரேக், டிரம் வகை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரானி ராஜு:
தம்பி, உன் சூப்பர்வைசரைத் திட்ட மனசு வரவில்லை. தன் டிரெய்லர் பிரேக்கைக் கைவைத்துப் பார்க்கத் தெரியாதவன் என்ன டிரைவர்? நாங்கள் ஓட்ட வந்த காலத்தில் எல்லாம் மேனுவல் அட்ஜஸ்டர். பூட்டு வளையத்தை ஸ்பேனரால் அமுக்கி, லைனிங் டிரம்மில் முட்டும்வரை முறுக்கி, அப்புறம் கால் சுற்று, அரைச் சுற்று பின்னால் விடுவோம். முடிந்தது வேலை. விடியற்காலை நாலு மணிக்குத் துவாஸில் எந்த மெக்கானிக் வந்து நிற்கிறான்? லூசாக இருப்பது தெரிந்தும் முறுக்காமல் ஓட்டுவது நல்லதா, முறுக்கிவிட்டு ஓட்டுவது நல்லதா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஸ்பேனர் செல்வம்:
ராஜு அண்ணே, இரண்டும் நல்லதில்லை. மூன்றாவது வழி, அந்த டிரெய்லரை ஓட்டாமல் விடுவது.

நான் ஒர்க்‌ஷாப் ஆள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மேனுவல் அட்ஜஸ்டர் லூசாவது இயல்பு. லைனிங் தேயும், இடைவெளி கூடும், முறுக்குவோம். ஆட்டோ அப்படி இல்லை. பிரேக் மிதிக்க மிதிக்க அதுவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். அது லூசாக இருக்கிறது என்றால் எங்கோ நோய் இருக்கிறது. லைனிங்கை விரிக்கும் எஸ் கேம் தண்டின் புஷ் தேய்ந்திருக்கும், அட்ஜஸ்டரை இணைக்கும் கிளெவிஸ் பின் ஆடும், இல்லையென்றால் அட்ஜஸ்டரின் உள்ளே கிளட்ச் செத்திருக்கும். அதை விட்டுவிட்டு முறுக்கினால் சில நாள் நன்றாகப் பிடிக்கும். பிறகு பழையபடி இறங்கிவிடும். அதற்குள் அந்த டிரெய்லர் வேறு ஒருவர் கைக்குப் போயிருக்கும். அவருக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்று. சில மாடல்களில் பால் என்கிற சின்னக் கொக்கியை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் திருக வேண்டும். அதை விடுவிக்காமல் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் உள்ளே பல் போகும். நல்லதாக இருந்த அட்ஜஸ்டரும் அன்றோடு கெட்டுப்போகும்.

பிரானி ராஜு:
நோய், மருந்து எல்லாம் சரி. நான் முறுக்கிய வண்டி எதுவும் என்னைக் கைவிட்டதில்லை. யார்டை விட்டுக் கிளம்புமுன் டிரெய்லர் கைப்பிரேக்கை மட்டும் இழுத்து, முதல் கியரில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். பிடித்தால் போவேன், பிடிக்காவிட்டால் போக மாட்டேன். இதைவிட என்ன சோதனை வேண்டும்?

ஸ்பேனர் செல்வம்:
அந்த இழுப்புச் சோதனை நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்று: டிரம் குளிர்ந்திருக்கும்போது, நடக்கிற வேகத்தில், பிரேக் பிடிக்கிறது. டிரம் சூடானால் விரியும். லைனிங் இன்னும் கொஞ்சம் தூரம் போய்த்தான் அதைத் தொட வேண்டும். காற்று நிரம்பும் பிரேக் சேம்பரிலிருந்து வந்து அட்ஜஸ்டரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு ஏற்கெனவே எல்லை வரை வந்துகொண்டிருந்தால், அந்தக் கொஞ்ச தூரத்துக்கு அதில் இடம் இருக்காது. சேம்பரின் உள்ளே முட்டி நின்றுவிடும். நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் டிரம்முக்குப் போய்ச் சேராது. யார்டில் பிடித்த பிரேக் ரோட்டில் பிடிக்காமல் போவது இப்படித்தான்.

அமெரிக்காவில் 2003-இல் பென்சில்வேனியாவின் கிளென் ராக் என்ற ஊரில் ஒரு டிப்பர் லாரி இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போய்க் கார்களில் மோதியது. அதை விசாரித்த அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி, ஆட்டோ அட்ஜஸ்டரைக் கையால் முறுக்குவது ஆபத்தான பழக்கம், சரிசெய்துவிட்டோம் என்ற பொய்யான தைரியத்தைத்தான் அது தருகிறது என்று எழுதிவைத்தது. நான் சொந்தமாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

பிரானி ராஜு:
அதுதான் பார்த்தேன், அமெரிக்காவுக்குப் போய்விட்டீர்கள். அங்கே மலை. இங்கே என்ன மலை இருக்கிறது, புக்கிட் தீமா குன்றா? கனரக வண்டிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக வழியில்லை, லிமிட்டர் வேறு போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஸ்பேனர் செல்வம்:
டிரம்மைச் சூடாக்க மலையே வேண்டியதில்லை. பாசிர் பாஞ்சாங் துறைமுகக் கேட்டிலிருந்து வெஸ்ட் கோஸ்ட் ஹைவே வழியாக மாலை நேர நெரிசலில் லோடோடு ஊர்ந்து பாருங்கள். மிதி, விடு, மிதி, விடு. அப்புறம் பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தில் ஏறி இறங்குங்கள், இறங்கிய கையோடு முன்னால் ஒரு கார் சட்டென்று நிற்கட்டும். 60-இல் வந்தாலும் பின்னால் 40 அடிப் பெட்டி இருக்கிறது அண்ணே. டிரெய்லர் பிடிக்காவிட்டால் மொத்தத்தையும் பிரைம் மூவர்தான் தாங்க வேண்டும். ரோடு ஈரமாக இருந்தால் டிரெய்லர் முன்னால் தள்ளித் தள்ளியே வண்டி மடங்கிவிடும்.

ஆப்ஸ் மலர்:
நான் ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். எல்லோரும் சூப்பர்வைசரை வில்லனாக்குவதால் சொல்கிறேன். எங்களிடம் பிரைம் மூவரைவிட டிரெய்லர் அதிகம். காலையில் ஒருவர் மாட்டிப் போய் வாடிக்கையாளர் கிடங்கில் விட்டுவருவார். நாலு நாள் கழித்து இன்னொருவர் போய் எடுப்பார். பிரைம் மூவருக்கு ஆள் உண்டு. அதைக் கழுவுகிறார்கள், ஊதுபத்திகூடக் கொளுத்துகிறார்கள். டிரெய்லரோ ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. எல்லோரும் இறைப்பார்கள், தூர்வார ஒருவரும் வர மாட்டார்கள்.

காலைச் சோதனைத் தாளைப் பாருங்கள். டிரெய்லர் பிரேக் என்ற கட்டத்தில் எல்லோரும் டிக் போட்டிருப்பார்கள். மழையில் நனையாத தாளில், கேபினுக்குள் உட்கார்ந்தபடி போட்ட டிக். அந்தத் தாளும் பிரைம் மூவர் நம்பரில்தான் ஃபைலாகும். டிரெய்லருக்கு என்று எதுவும் சேராது. பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு எதை வைத்து அனுப்புவது?

பிரானி ராஜு:
மலர், நீங்கள் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. "பிரேக் சரியில்லை" என்று எழுதினால் அந்த டிரிப் போகும். டிரிப் போனால் டிரிப் காசு போகும். மாற்று டிரெய்லர் கிடைக்கும்வரை டிரைவர் யார்டில் உட்கார்ந்து கொசு அடிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு யார் காசு தருகிறார்கள்? அதனால்தான் டிக். அதனால்தான் நானும் ஸ்பேனரை எடுத்தேன். வீம்புக்கு எடுக்கவில்லை லா.

ஆப்ஸ் மலர்:
அது நியாயம். மறுக்கவில்லை. கோளாறு உண்மை என்று ஒர்க்‌ஷாப் சொன்னால் அந்த டிரிப் காசைக் கொடுத்துவிட வேண்டும் என்று நானே எங்கள் பாஸிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. ஆனால் டிரைவரை முறுக்கச் சொல்வது அதற்கு மாற்று ஆகாது. முறுக்கியதை ஒருவரும் எழுதிவைப்பதில்லை. ஒரே டிரெய்லரை வெவ்வேறு ஆட்கள் முறுக்கிக்கொண்டே இருந்தால், அதில் கோளாறு இருப்பதே ஆபீஸுக்குத் தெரியாது.

கிராஞ்சி குமார்:
நடுவில் ஒரு சந்தேகம். டிரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போது டிரெய்லருக்குக் காற்றுக் கொண்டுபோகும் சிவப்பு ஹோஸை எடுத்தாலே பிரேக் விழுந்துவிடுகிறது. சக்கரத்துக்குக் கட்டை எதற்கு? எங்கள் யார்டில் கட்டை வைக்கச் சொல்லித் தொல்லை செய்கிறார்கள்.

ஸ்பேனர் செல்வம்:
ஸ்பிரிங் பிரேக் உள்ள டிரெய்லர் என்றால், காற்று போனதும் ஸ்பிரிங் விரிந்து பிடிக்கும். அது இறுக்கமாக நிற்கும், அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இருந்தால். அட்ஜஸ்டர் லூசானால் ஸ்பிரிங்கின் பிடியும் குறையும், ஏனென்றால் அதே புஷ்ராடு வழியாகத்தான் அதுவும் வேலை செய்கிறது. பழைய டிரெய்லர் சிலவற்றில் ஸ்பிரிங்கே கிடையாது. டேங்கில் மிச்சமிருக்கும் காற்றுதான் பிடித்துக்கொண்டிருக்கும். மெல்லக் கசிந்து இரவோடு இரவாகக் காலியானால், காலையில் சக்கரம் தாராளமாக உருளும். யார்டில் கொஞ்சம் சரிவு இருந்தால் போதும். கட்டையை வைத்துவிடுங்கள் குமார்.

டேங்க் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், டேங்கில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். பிரைம் மூவர் டேங்கில் எல்லோரும் தண்ணீர் விடுகிறார்கள். டிரெய்லர் டேங்கின் அடியில் உள்ள வால்வை இழுத்தால் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் எண்ணெயும் துருவுமாகக் கொட்டும். அது பிரேக்குகளுக்குக் காற்றைத் திறந்துவிடும் ரிலே வால்வுக்குள் போனால் பிரேக் பிடிக்கவும் தாமதம், விடவும் தாமதம்.

பிரானி ராஜு:
சரி, அட்ஜஸ்டரை விட்டுவிடுகிறேன். ஏஒய்ஈ எக்ஸ்பிரஸ்வேயில் சிவப்பு ஹோஸ் வெடித்து டிரெய்லர் லாக் ஆகி நடு லேனில் நிற்கிறது என்று வையுங்கள். பின்னால் வண்டி வண்டியாக வருகிறது. அப்போதும் மெக்கானிக் வரட்டும் என்று நிற்பதா? நாங்கள் கேஜிங் போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கைச் சுருக்கி, அடுத்த எக்ஸிட் வரை மெதுவாகக் கொண்டுபோய்விடுவோம்.

ஸ்பேனர் செல்வம்:
இதில் உங்களோடு ஒத்துப்போகவே முடியாது. சிவப்பு ஹோஸ் போனால் டிரெய்லர் டேங்குக்குக் காற்று இல்லை. டேங்கில் காற்று இல்லாமல் கால் பிரேக்கும் டிரெய்லரில் வேலை செய்யாது. மிச்சமிருந்தது ஸ்பிரிங் ஒன்றுதான், அதையும் போல்ட் போட்டுச் சுருக்கிவிட்டீர்கள். இப்போது பின்னால் வருவது பிரேக்கே இல்லாத லோடு. அதோடு, எக்ஸ்பிரஸ்வேயில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டா போல்ட் முறுக்குவது? போல்ட்டைப் போடுகிற அவசரத்தில் சேம்பர் கிளாம்பைக் கழற்றியவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் ஆள் காலி.

ஹஸார்ட் விளக்கைப் போடுங்கள், ஆள் பாதுகாப்பாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போங்கள், கூப்பிடுங்கள். எக்ஸ்பிரஸ்வேயில் நின்றால் நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏ-வின் ஈமாஸ் மீட்பு வண்டி வருகிறது. உங்கள் சூப்பர்வைசருக்கு டிரைவர் கையில் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஸ்பேனருக்குப் பதில் ஒரு ஸ்பேர் சுருள் ஹோஸும், இணைப்பில் போடுகிற ரப்பர் வாஷர் நாலும் கொடுக்கச் சொல்லுங்கள். வெடிப்பது பெரும்பாலும் அந்தச் சுருள்தான். வண்டி நிறுத்திய பாதுகாப்பான இடத்தில் டிரைவரே மாற்றிக்கொள்ளலாம்.

பிரானி ராஜு:
ஹோஸ் யோசனை நல்லது. போல்ட் விஷயத்தில் இன்னும் எனக்கு வேறு கருத்துதான், நடு லேனில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். இருக்கட்டும்.

பெஞ்சூரு பாண்டி:
எல்லோருக்கும் நன்றி. முறுக்க மாட்டேன் என்று வெறுமனே சொல்லாமல், அளந்து காட்டப்போகிறேன். ராஜு அண்ணே, சூப்பர்வைசரிடம் உத்தரவை எழுத்தில் தாருங்கள் என்றும் கேட்கலாம் என்று நினைக்கிறேன். செல்வம் அண்ணே, அளக்கும் முறையைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

பிரானி ராஜு:
எழுதித் தர மாட்டார், பார். ஆனாலும் கேள்.

ஸ்பேனர் செல்வம்:
இரண்டு பேர் வேண்டும் பாண்டி. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். காற்று 90-க்கும் 100 பிஎஸ்ஐ-க்கும் நடுவில் இருக்கட்டும், இன்ஜினை அணைத்துவிடுங்கள். புஷ்ராடு சேம்பரிலிருந்து வெளியே வருகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. கூட்டாளி பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடிக்கட்டும். கோடு எவ்வளவு தூரம் வெளியே வந்தது என்று அளந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியாக எழுதுங்கள், டிரெய்லர் நம்பரோடு.

சேம்பர் மேல் 30 என்று இருந்தால் 2 அங்குலம், அதாவது சுமார் 51 மில்லிமீட்டருக்கு மேல் வரக் கூடாது. 24 என்றால் ஒன்றே முக்கால் அங்குலம். சேம்பரில் காற்று நுழையும் துளையான ஏர் போர்ட்டைச் சுற்றி உள்ள மேடு வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்தால் அது லாங் ஸ்ட்ரோக் சேம்பர், கணக்கு வேறு. 30 லாங் ஸ்ட்ரோக்குக்கு இரண்டரை அங்குலம் வரை விடலாம். அதைக் கவனிக்காமல் அளந்தால் சூப்பர்வைசர் உங்களையே மடக்கிவிடுவார்.