ஒரே ஜீன், 33 புற்றுநோய்கள்: வெட்டுப்புள்ளியை மாற்றினால் முடிவும் மாறுகிறது, எதை நம்புவது?

அரைகுறை_ஆர் கேட்டது:

வணக்கம். ஒரு ஜீனைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடமாக லேபில் செல் வேலை பார்த்தேன். இப்போது கைடு "எல்லாப் புற்றுநோயிலும் இது எப்படி இருக்கிறது, நோயாளிகள் எவ்வளவு காலம் பிழைக்கிறார்கள் என்று பார்த்து ஒரு படம் போட்டுவிடு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். யுசிஎஸ்சி ஜீனா என்ற தரவுத் தளத்திலிருந்து டிசிஜிஏ (புற்றுநோய்க் கட்டிகளின் தரவு), ஜிடெக்ஸ் (இயல்பு திசுக்களின் தரவு) இரண்டும் சேர்த்து மறுகணக்கிட்ட தரவை இறக்கினேன். ஜீனின் வெளிப்பாடு (அது எவ்வளவு வேலை செய்கிறது என்ற அளவு) கூடியவர்கள், குறைந்தவர்கள் என்று இரண்டாகப் பிரித்து 33 வகைக்கும் கேப்லான்-மேயர் வளைவு (காலம் போகப்போக எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள் என்ற படம்) வரைந்தாயிற்று. மீடியனில் (நடு மதிப்பில்) வெட்டினால் நான்கு வகையில்தான் பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் இப்படித் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வருகிறது. "சிறந்த வெட்டுப்புள்ளி"யைத் தானே தேடித் தரும் ஃபங்ஷனைப் போட்டால் பதினான்கு! இதில் சிறுநீரகப் புற்றுநோயில் ஜீன் கூடினால் கெட்டது, மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் கூடினால் நல்லது என்று நேர் எதிராக வேறு வருகிறது. எதை எழுதுவது?

இன்னொரு சின்ன சந்தேகம், சிரிக்காதீர்கள். நிறைய மாதிரிகளில் மைனஸ் 9.9658 என்று ஒரே எண் வருகிறது. வெளிப்பாடு எப்படி மைனஸில் போகும்?

கணக்கன்:

சின்னதை முதலில் முடித்துவிடலாம். அந்தக் கோப்பில் டிபிஎம் (வெளிப்பாட்டை அளக்கும் அலகு) மதிப்போடு 0.001 கூட்டி, பிறகு அடிமானம் 2-க்கு லாக் எடுத்திருக்கிறார்கள். 0.001-இன் லாக்தான் மைனஸ் 9.9658. அதாவது அந்த மாதிரியில் உங்கள் ஜீன் பூஜ்யம். நிறைய மாதிரிகளில் அப்படி என்றால் அந்தப் புற்றுநோயில் "கூடியது, குறைந்தது" என்று பிரிப்பதற்கே பொருள் இல்லை, அதை ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது பெரியது. அந்தப் பதினான்கை மறந்துவிடுங்கள். எந்த இடத்தில் வெட்டினால் பி மதிப்பு மிகச் சிறியதாக வரும் என்று தேடிப் பிடித்துவிட்டு, அதே பி மதிப்பைச் சான்றாகக் காட்டுவது, அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைகிற வேலை. 5 சதவீதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் தவறு இப்படிச் செய்தால் 40 சதவீதம் அளவுக்குப் போகும் என்று ஆல்ட்மன் குழுவினர் 1994-லேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் ஃபங்ஷன் கையில் இருக்கிறதே என்று எல்லோரும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மீடியனில் வந்த நாலும் பத்திரம் இல்லை. 33 தடவை சோதித்தால், எந்தத் தொடர்பும் இல்லாத ஜீனுக்கும் ஒன்றோ இரண்டோ தற்செயலாக 0.05-க்குக் கீழே வரத்தான் செய்யும். வெட்டவே வேண்டாம். வெளிப்பாட்டை எண்ணாகவே காக்ஸ் மாடலில் (உயிர்வாழ்வுக் காலத்தைப் பல காரணிகளோடு சேர்த்துக் கணக்கிடும் முறை) கொடுங்கள், வயதும் நோயின் கட்டமும் கூடவே போகட்டும், பல தடவை சோதித்ததற்காக 33 பி மதிப்புகளையும் பெஞ்சமினி-ஹாக்பெர்க் முறையில் திருத்துங்கள். கேப்லான்-மேயர் படம் கண்ணுக்குத்தான்.

சோதனைக்குழாய்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் எதை "முடிவு" (மரணமா, நோய் முற்றியதா) என்று எடுத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. 33 வகைக்கும் மொத்த உயிர்வாழ்வுக் காலத்தைத்தானே போட்டிருப்பீர்கள்? டிசிஜிஏவின் புரோஸ்டேட் தொகுதியில் ஏறக்குறைய 500 பேர், இறந்தவர்கள் பத்துப் பேர் அளவில்தான். பத்து மரணத்தை வைத்துக்கொண்டு எந்த ஜீனைப் பற்றி என்ன சொல்ல முடியும்? தைராய்டும் ஏறக்குறைய அதே கதை. 2018-இல் டிசிஜிஏவின் பான்-கேன்சர் அட்லஸ் கட்டுரைகளோடு திருத்தப்பட்ட மருத்துவத் தரவுக் கோப்பு ஒன்று வந்தது, எந்த வகைக்கு எந்த முடிவை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று அதில் அட்டவணையே இருக்கிறது. புரோஸ்டேட், தைராய்டு மாதிரி இடங்களில் நோய் முற்றாமல் இருந்த காலத்தை எடுக்கச் சொல்கிறார்கள்.

மெலனோமா தனிக் கதை. அந்தத் தொகுதியில் பெரும்பாலான மாதிரிகள் பரவிய கட்டிகளிலிருந்து எடுத்தவை. நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து காலத்தை எண்ணுகிறார்கள், கட்டியை வெட்டி எடுத்ததோ சிலருக்குப் பல வருடம் கழித்து. அதுவரை பிழைத்திருந்தவர்தான் தரவுக்குள்ளேயே வர முடியும் என்கிறபோது வளைவை எப்படி நேரடியாக நம்புவது? அப்புறம் மாதிரியின் பார்கோடில் உள்ள வகை எண்ணைப் பாருங்கள்: 01 முதன்மைக் கட்டி, 06 பரவியது, 11 பக்கத்து இயல்பு திசு. 11-ஐ வடிகட்டாமல் உயிர்வாழ்வு வரைந்து நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

நண்டுப்பிடி:

கணக்கு எல்லாம் சரியாக வந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும், உங்கள் ஜீன் தானாக எதையாவது சொல்கிறதா, இல்லை செல் பெருக்கத்தின் நிழலா? 2011-இல் வெனே குழுவினர் மார்பகப் புற்றுநோய்த் தரவில் சாப்பிட்ட பிறகு சிரிப்பதோடு தொடர்புடைய ஜீன் தொகுப்பைக்கூடப் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் உயிர்வாழ்வைக் "கணித்தது"! கண்ணை மூடிப் பொறுக்கிய ஜீன் தொகுப்புகளில் பெரும்பாலானவையும் அப்படியே. காரணம், செல் பெருக்கத்தோடு ஏறி இறங்கும் ஜீன்கள் அத்தனை இருக்கின்றன. அதனால் பெருக்க மதிப்பெண் (செல்கள் எவ்வளவு பெருகுகின்றன என்ற அளவு) ஒன்றையும் காக்ஸ் மாடலில் சேர்த்து, அப்போதும் உங்கள் ஜீன் நிற்கிறதா என்று பாருங்கள்.

குறைந்த தர மூளைக் கட்டியும் அந்த நாலில் இருக்கிறதா? இருந்தால் முதலில் ஐடிஎச் என்ற ஜீனில் உள்ள மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாற்றம் உள்ளவர்கள் நெடுங்காலம் வாழ்கிறார்கள், அதோடு சேர்ந்து மாறும் எந்த ஜீனும் அங்கே பிரமாதமாகத் தெரியும்.

சிறுநீரகமும் மெலனோமாவும் எதிர் எதிராக வந்ததற்குக் கவலைப்பட வேண்டாம். அரைத்தெடுத்த கட்டியில் புற்றுச் செல் மட்டுமா இருக்கிறது, டி செல், இரத்தக்குழாய், நார்த்திசு எல்லாம் கலந்துதான் அளக்கிறோம். 2015-இல் வந்த பிரிகாக் ஆய்வில், சுமார் 18,000 நோயாளிகள், 39 வகைப் புற்றுநோய், ஃபாக்ஸ்எம்1 என்ற ஜீன் கூடினால் கெட்டது, கேஎல்ஆர்பி1 என்ற ஜீன் கூடினால் நல்லது என்று வந்தது. இரண்டாவது, லிம்போசைட்டுகள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் ஜீன், அதாவது கட்டிக்குள் அவை எவ்வளவு புகுந்திருக்கின்றன என்பதன் அளவு. மெலனோமாவில் உங்கள் ஜீனும் அப்படி இருக்கலாம். ஒவ்வொரு செல்லையும் தனியாக அளந்த தனிச்செல் தரவில் எந்தச் செல்லில் அது வெளிப்படுகிறது என்று பாருங்கள், பாதி விடை அங்கே கிடைக்கும்.

சும்மா_பார்வையாளர்:

இவ்வளவு தலைவலி எதற்கு, தளத்தில் ஜீன் பெயரைத் தட்டினால் படம் வருகிறதே. பத்திரிகைகளும் ஏற்றுக்கொள்கின்றனவே.

கணக்கன்:

ஏற்றுக்கொள்கின்றன, உண்மைதான். அவருக்குப் படம் மட்டும் போதுமானால் அதுவே போதும். அந்த ஜீனோடு அடுத்த மூன்று வருடம் குடும்பம் நடத்தப் போகிறார் என்றால் போதாது.

அரைகுறை_ஆர்:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் ஆயிற்று. வெட்டாமல் காக்ஸ் போட்டு, திருத்தி, வயதும் கட்டமும் சேர்த்ததில் இரண்டுதான் மிச்சம்: சிறுநீரகமும் கல்லீரலும். பெருக்க மதிப்பெண்ணைச் சேர்த்ததும் கல்லீரல் விழுந்துவிட்டது. மெலனோமாவில் முதன்மைக் கட்டிகளை மட்டும் எடுத்தால் ஒன்றுமே இல்லை. தனிச்செல் தரவில் என் ஜீன் பெரும்பாலும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்லில் இருக்கிறது. லேபில் இத்தனை நாள் புற்றுச் செல்லில்தான் வேலை பார்த்தேன். கைடிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

நண்டுப்பிடி:

சிறுநீரகப் படத்திலிருந்து ஆரம்பியுங்கள். மேக்ரோஃபேஜை இரண்டாவது படமாகக் காட்டுங்கள். அதற்கு முன்னால் அந்த சிறுநீரக முடிவை டிசிஜிஏ அல்லாத ஒரு தொகுதியிலும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.