செலோவும் பிக் பாண்டும் ஒரே மேடையில்: மெல்ல வாசிக்கும் இடத்தில் என் சத்தம் காணாமல் போகிறது

உவர்மலைச் செலோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது வருடமாகச் செலோ வாசிக்கிறேன், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம், உட்கார்ந்து வில்லால் வாசிப்பது. கொழும்பில் படித்த காலத்தில் பழகியது. வேலை கிடைத்துத் திருகோணமலைக்குத் திரும்பியபோது இரவு ரயிலில் அதை மடியில் சாய்த்தபடியே வந்தேன். இங்கே என்னோடு சேர்ந்து வாசிக்க வயலின்கூட இல்லை. அத்தான் ட்ரம்பெட் வாசிப்பவர். அவருடைய பாண்டில் ட்ரம்பெட் 3, ட்ராம்போன் 2, சாக்ஸபோன் 4, கீபோர்ட், பேஸ், டிரம்ஸ் என்று 12 பேர். முழு பிக் பாண்ட் (இப்படிப்பட்ட பெரிய ஜாஸ் குழு) என்றால் 17 பேர் வரும். ஆனாலும் ஒத்திகை பார்க்கும் ஹோலில் 12 பேரே போதும், ஜன்னல் அதிரும்.

செப்டம்பர் கடைசியில் கடற்கரைப் பக்கம் திறந்த மேடையில் நிகழ்ச்சி. "நீயும் ஒன்று வாசி" என்று அத்தான் கேட்டார். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே செலோவுக்கு எழுதிய எலெஜியைச் சொன்னேன், சோகப் பாட்டு. 1880-ல் எழுதியது, சி மைனர். அத்தானுக்கும் அந்தச் சுருதி பிடித்துவிட்டது. அந்த வாத்தியங்களுக்குத் தாளில் சுருதி மாற்றி எழுதவேண்டும்: ட்ரம்பெட்காரருக்கு டி மைனர், ஆல்டோ சாக்ஸுக்கு ஏ மைனர், யாருக்கும் கஷ்டமில்லை. தொடக்கம் எழுதியபடியே, நடுவில் ஏ ஃப்ளாட் மேஜருக்குப் போகும் பகுதியை மெல்லிய ஸ்விங்காக (ஜாஸில் வரும் ஆடும் தாள நடை) மாற்றலாம் என்று முடிவு செய்தோம்.

போன சனிக்கிழமை முதல் ஒத்திகை. முதல் மெட்டை உரத்து வாசித்தேன், சரியாகத்தான் இருந்தது. அதே மெட்டு இரண்டாம் முறை மிக மெல்லமாக வரும். இந்தப் பாட்டின் உயிரே அந்த இடம்தான். ஒருவர் அழுது முடித்துவிட்டு, அதையே தனக்குள் திரும்பச் சொல்வது போல இருக்கும். அந்த இடத்தில் என் வில் போவது எனக்குத் தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. பின் வரிசையில் இருந்த அக்காவுக்கும் கேட்கவில்லையாம். இரவு வீட்டுக்கு வந்து அழுதேன்.

மைக் வைத்தால் தீருமா, இல்லை பாட்டையே மாற்றவேண்டுமா? ஸ்விங் பகுதியில் என் வாசிப்பு பள்ளிக்கூட மாணவி வாசிப்பது போல விறைப்பாக இருக்கிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

மூதூர் ட்ராம்போன் எழுதியது:

தங்கச்சி, பாட்டை மாற்றவேண்டாம். முதலில் எங்கள் ஆட்களைச் சும்மா இருக்கச் சொல்லவேண்டும். நான் ட்ராம்போன்காரன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

செலோவின் அடித் தந்தி சி, சுமார் 65 ஹெர்ட்ஸ். மேல் தந்தி ஏ, 220. நீங்கள் உருகி வாசிக்கும் இடம் அந்த ஏ தந்தியில் வருகிறது. ட்ராம்போனும் டெனர் சாக்ஸும் நன்றாகப் பாடுவதும் அதே இடத்தில்தான். ஒரே வாசலில் மூன்று பேர் நுழைந்தால் பலசாலிதான் உள்ளே போவான். நீங்கள் எவ்வளவு அழுத்தி வாசித்தாலும் இரண்டு ட்ராம்போனை வெல்ல முடியாது. வெல்லப் பார்த்தால் அந்த மெல்லிய இடமும் கெட்டுவிடும்.

கோவில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஆலாபனை தொடங்கும்போது பாருங்கள். தவில் சும்மா இருக்கும், ஒரே சுருதியைப் பிடிக்கும் ஒத்து மட்டும் பின்னால் போய்க்கொண்டிருக்கும். அதையே செய்யுங்கள். இரண்டாம் முறை மெட்டு வரும்போது ட்ராம்போனுக்கு எட்டு பார் (தாளச் சுற்று) ஓய்வு. டெனர் சாக்ஸும் பாரிடோன் சாக்ஸும் கீழே நீண்ட சுரம் இரண்டை மட்டும் பிடிக்கட்டும், அதுதான் உங்கள் ஒத்து. ட்ரம்பெட்காரர்கள் வாயில் சத்தத்தை அடக்கும் கப் ம்யூட் போட்டு, நீங்கள் மூச்சு விடும் இடத்தில் மட்டும் பதில் சொல்லட்டும். டிரம்ஸுக்குக் குச்சி வேண்டாம், பிரஷ். அத்தானிடம் நீங்கள் சொல்லச் சங்கடம் என்றால் இந்தப் பதிவையே காட்டுங்கள்.

செலோவுக்கு இங்கே இடமில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1950-ல் அமெரிக்க ஜாஸ்காரர் ஸ்டான் கென்டன் தன் பிக் பாண்டோடு தந்தி வாத்தியக்காரர்களையும் சேர்த்து மேடை ஏற்றினார், அதில் செலோவும் இருந்தது. 1955-ல் டிரம்ஸ்காரர் சிகோ ஹாமில்டன் குழுவில் ஃப்ரெட் காட்ஸ் வில்லோடு உட்கார்ந்து ஜாஸ் வாசித்தார். பெரிய செலோ மேதை காசல்ஸிடம் படித்தவர் அவர், உங்களைப் போலவே மேல்நாட்டுச் சாஸ்திரியத்திலிருந்து வந்தவர். 1980-ல் ஆஸ்திரியப் பியானோக்காரர் ஃப்ரீட்ரிச் குல்டா செலோவுக்கும் காற்று வாத்தியக் குழுவுக்கும் ஒரு கன்சேர்ட்டோ எழுதினார். அதில் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் உண்டு, செலோவுக்கு மைக்கும் உண்டு. மைக் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிலாவெளி சவுண்ட் எழுதியது:

மைக் பற்றி நான் சொல்கிறேன். கோவில், கல்யாணம், மேடை என்று 20 வருடமாக இதுதான் வேலை.

ஸ்டாண்ட் மைக்கை முன்னால் வைத்தால் செலோவைவிட ட்ரம்பெட்தான் அதில் அதிகம் விழும். பிரிட்ஜுக்கு (தந்தியைத் தாங்கும் மரத்துண்டு) கீழே கிளிப் மைக் ஒன்று, பிரிட்ஜிலேயே ஒட்டி அதிர்வை எடுக்கும் பிக்கப் ஒன்று, இரண்டையும் கலந்து எடுங்கள். பிக்கப்பை நேராக மிக்சரில் குத்தினால் ஒல்லியாகக் கீச்சென்று கேட்கும். நடுவில் பிக்கப்புக்கென்றே உள்ள ப்ரீஆம்ப், அதாவது சத்தத்தை மிக்சருக்கு ஏற்றபடி ஆக்கும் பெட்டி, வேண்டும்.

மேடை மரப்பலகை என்றால் கவனம். செலோவின் கால் ஆணி பலகையில் நிற்கும்போது பலகையும் சேர்ந்து ஒலிக்கும், அந்தக் கீழ்ச் சத்தம் மைக்குக்குத் திரும்பி வந்து ஊளையிடும். இரண்டு கொங்கிரீட் கல்லை அடுக்கி, மேலே பழைய கம்பளம் போட்டு, அதில் ஆணியை ஊன்றுங்கள். மொனிட்டர் (வாசிப்பவர்கள் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) செலோவின் முகத்தைப் பார்க்கக்கூடாது. கடல் காற்றுக்கு மைக்கில் பஞ்சுத் தொப்பி. உட்காரும் இடம் ட்ரம்பெட் வாய்க்கு நேரே இருக்கவே கூடாது, கீபோர்ட்காரரின் பக்கம் போங்கள்.

இன்னொன்று. செப்டம்பரிலும் சில நாள் கச்சான் காற்று வீசும். அந்தச் சூட்டில் உலோகத் தந்தி இளகிச் சுருதி இறங்கும். பித்தளை வாத்தியமோ சூடேறினால் சுருதி ஏறும். இரண்டும் எதிர்த்திசையில் போவதால் பின்னால் அறையில் சேர்த்த சுருதி மேடையில் நிற்காது. அவர்கள் இரண்டு பாட்டு வாசித்து முடித்த பிறகு, மேடையிலேயே கீபோர்டுக்குச் சுருதி சேருங்கள். காய்ந்த காற்றில் பிருடையும் சுருங்கி வழுக்கும். நன்றாக உள்ளே தள்ளித் திருப்புங்கள்.

மிருதங்கம்_உப்புவெளி எழுதியது:

அக்கா, ஸ்விங்குக்கு ஒரு வழி. ஒரு தட்டில் வரும் இரண்டு சுரத்தைச் சமமாக வாசிக்காதீர்கள். வாய்விட்டு "தகிட தகிட" சொல்லுங்கள். முதல் சுரம் "தகி" முழுவதும் நிற்கட்டும், அடுத்தது "ட"-வில் விழட்டும். அப்புறம் வில்லை அந்த "ட"-வில் திருப்பி, அதே இழுப்பில் அடுத்த "த"-வுக்குள் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தட்டிலும் வில்லைத் திருப்பினால்தான் விறைப்பாகக் கேட்கும். வேகம் கூடினால் இந்த இடைவெளி தானாகச் சமமாகிவிடும், அங்கே தகிடவை விட்டுவிடுங்கள். உங்கள் பகுதி மெல்லியது என்பதால் நன்றாகவே பொருந்தும்.

உவர்மலைச் செலோ எழுதியது:

நேற்று மறுபடி ஒத்திகை. பதிவை அத்தானிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் படித்தார், பென்சில் எடுத்து ட்ராம்போன் தாளில் எட்டு பாரையும் கோடு போட்டு அடித்தார். டெனர் அண்ணா கீழே ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், அது என் கால் ஆணி வழியாக முழங்காலுக்கு வந்தது. மைக் இல்லாமலே இரண்டாம் முறை மெட்டு எனக்குக் கேட்டது. அக்கா பின் வரிசையிலிருந்து கையை உயர்த்திக் காட்டினாள்.

ட்ரம்பெட் பதில் இன்னும் அரைத் தட்டு முந்தி வருகிறது. நான் மூச்சு விட்டு முடிக்கும் முன்பே அத்தான் தொடங்கிவிடுகிறார். ஸ்விங் பகுதிக்குத் தினமும் சமையலறையில் தகிட சொல்கிறேன், பாதி நாள் சரியாக வருகிறது.

நிலாவெளி அண்ணா, அந்த ப்ரீஆம்ப் திருகோணமலையில் வாடகைக்குக் கிடைக்குமா, கொழும்பில் சொல்லி வைக்கவா? கல் இரண்டு வீட்டுக் கிணற்றடியில் இருக்கிறது, அதைக் கழுவி வைத்துவிட்டேன்.