பகிடி என்று அனுப்புகிறார்கள், எப்படி நிறுத்துவது? உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். 2019 ஏப்ரல் 21 அன்று இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் இறந்தார்கள். நாடு முழுவதும் 250 பேருக்கு மேல். அந்தத் துக்கம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அந்த நாட்களில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்த, முஸ்லிம்களைக் கேலி செய்யும் 'பகிடிகள்' இன்றும் சுற்றுகின்றன. தாடி வைத்தவர் பையோடு பேருந்தில் ஏற, எல்லோரும் இறங்கி ஓடும் படம். முஸ்லிம் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டால் பிள்ளை பிறக்காது என்ற வரி. இந்தக் கொத்துக் கதை 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கிளம்பியது. கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்தால், கருத்தடை மாத்திரை என்று சொன்னது வெறும் மாவுக்கட்டி! பொய் என்று தெரிந்தும் பகிடியாக உயிரோடு இருக்கிறது. 2019 மே மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்தபோதும் எங்கள் குழுவில் சிரிப்புப் படங்கள்தான்.

தமிழர் என்றாலே புலி என்று சோதனைச் சாவடிகளில் இறக்கி நிறுத்தப்பட்டவர்கள் நாங்கள். நாங்களே இதைச் செய்வது எனக்குத் தாங்கவில்லை.

மாமாவிடம் சொன்னேன். "சும்மா பகிடிதானே பிள்ளை" என்றார். அதன்பின் குழுவில் யாரும் என்னோடு பேசவில்லை.

பெரியவர்களிடம் உறவு முறியாமல் இதைப் பேசிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? என்ன சொன்னீர்கள்? தனியாகப் பேசுவது நல்லதா, குழுவிலேயே சொல்வதா? காத்தான்குடி, ஏறாவூர் பக்கத்து முஸ்லிம் உறவுகளே, விருப்பமிருந்தால் மட்டும் நீங்களும் சொல்லுங்கள். ஏப்ரல் வருவதற்குள் மாமாவோடு ஒருமுறை உட்கார்ந்து பேச நினைக்கிறேன்.