கணினியில் வரைந்ததைக் கையால் செய்தவர்கள், செய்வித்தவர்கள்: ஒரு சம்பவம் சொல்லுங்கள்

வடலி

சுருக்கமாகச் சொல்கிறேன். பனையோலைப் பெட்டி மூடிக்கென்று கட்டம் கட்டமாக ஒரு மயில் வரைந்திருந்தேன். தென்மராட்சிப் பக்கம் பன்னவேலை செய்கிற ஒரு அன்ரியிடம் கொண்டுபோனேன். பிரின்ட் எடுத்த தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு மடியில் வைத்து, மூலை மேலே வருகிற மாதிரி திருப்பினார். "தம்பி, பெட்டிக்கு ஓலை இப்பிடிக் குறுக்காலதான் ஓடும். உம்மட மயில் தாளில நிமிர்ந்து நிக்குது, என்ர மூடியில சரிஞ்சு விழப்போகுது" என்றார்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைத்த நிறத்தைப் போட்டிருந்தேன். ஓலையில் அது நடக்காது. ஒரு வாரை, அதாவது ஓலைக் கீற்றை, எந்தச் சாயத்தில் அவித்தார்களோ அந்த நிறத்தில்தான் அது கடைசிவரை ஓடும். இரண்டு வார் சந்திக்கிற இடத்தில் எது மேலே, எது கீழே என்பது மட்டும்தான் இழைக்கிறவர் கையில் இருக்கிறது. மயிலின் கழுத்தில் மட்டும் நீலம் வேண்டுமென்றால், அந்த நீல வார் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை எங்கேயாவது ஒளிந்து ஓடியாக வேண்டும். ஒரே வார் நாலைந்து கட்டத்துக்குத் தொடர்ந்து மேலே தெரிந்தாலும் சரிவராது, அது தூக்கிக்கொண்டு நிற்கும், நகம் பட்டால் இழுபடும். அன்ரி ஓலை வார்கிற கத்தியான சத்தகத்தின் நுனியால் தாளில் தட்டித் தட்டி, இது மாறும், இது மாறும் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் பேனையால் குறித்தேன். கடைசியில் மயில் போய் வேறொரு பறவை வந்தது. நல்ல பறவை, குறை சொல்ல முடியாது.

மூடியைக் கையில் தரும்போதுதான் கேட்டார்: "உதைப் படமெடுத்துப் பேஸ்புக்கில போடுவீர்தானே. ஆற்ர டிசைன் எண்டு போடுவீர்?"

படத்தை இன்னும் போடவில்லை.

ஊசிநூல்

நான் ஆரி வேலை செய்கிறேன், கொக்கி ஊசியால் துணியில் போடுகிற பூவேலை. கல்யாண பிளவுஸ்தான் அதிகம். டிசைன் எல்லாம் இப்போது கனடாவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வட்ஸ்அப்பில்தான் வருகிறது. நான் சொல்லப்போகிற கல்யாணப் பொம்பிளையின் அக்கா கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறா, ஐபாடில் தானே வரைந்து அனுப்பினவ. மயில், அதன் தோகைக்குள் மாப்பிள்ளை பொம்பிளை இரண்டு பேரின் முதலெழுத்து. ஒரு கைக்குத்தான் வரைந்திருந்தா. மற்றக் கைக்கும் அதுதானாம்.

ஆரி தெரியாதவர்களுக்காக: டிரேசிங் தாளில் கோடு நெடுக ஊசியால் துளை குத்துவோம். தாளைத் துணியில் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைப் பஞ்சால் தேய்த்தால் துளை வழியே புள்ளி புள்ளியாக டிசைன் துணியில் இறங்கும். மற்றக் கைக்கு அதே தாளைக் கவிழ்த்துப் போடுவோம். அப்போதுதான் இரண்டு மயிலும் ஒன்றையொன்று பார்க்கும். ஆனால் தாளைக் கவிழ்த்தால் எழுத்தும் கவிழ்ந்துவிடுமே. எழுத்துக்கு வேறு தாள் குத்த வேண்டும், அந்த எழுத்தைச் சுற்றிப் போகிற தோகைக் கோடுகளையும் திரும்ப இணைக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் பொம்பிளையின் அம்மா அங்கேயே வீடியோ கோல் எடுத்தா. கனடாவில் விடிய நாலு மணி. அந்தப் பிள்ளை போர்வைக்குள் இருந்தபடியே ஐபாடை எடுத்து, ஒரு தட்டுத் தட்டி மயிலைத் திருப்பிக் காட்டினா. எழுத்து நேராகவே நின்றது. "பாருங்கோ அக்கா, ஒரு செக்கன் வேலை!"

அங்கே ஒரு செக்கன்தான். எனக்குப் புதுத் தாள், ஊசி, குனிந்த முதுகு, ஒரு பின்னேரம் முழுக்க. அதற்குக் கொஞ்சம் காசு சேர்த்துச் சொன்னேன். அம்மா ஃபோனையும் பார்த்து என்னையும் பார்த்து, "ஒரு தட்டுக்கு இவ்வளவோ?" என்றா. காசு தந்தவ, அதில் குறை இல்லை. அந்தக் கேள்விதான் போகுதில்லை.

கொழும்புத்துறையான்

வடலி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வரைந்தது நீங்கள், இழைத்தது அவர். கட்டடம் கட்டினால் மேசன் பெயரையா போடுகிறோம்? டிசைன் உங்களுடையது என்று போட்டுவிட்டுக் கீழே அவருக்கு நன்றி சொல்லுங்கள், முடிந்தது.

என் கதை சின்னது. பழைய மாணவர்களுக்காக டீசேட் அடித்தோம். பொடியள் நல்ல தடிப்பான பருத்தி டீசேட் வாங்கிவைத்திருந்தார்கள், சப்ளிமேஷன் அடிக்கிற ஒருவரிடம் கொடுத்தார்கள். அவரும் ஒன்றும் சொல்லாமல் அடித்துத் தந்தார். முதல் தோய்ச்சலில் பாடசாலைச் சின்னம் வாளித் தண்ணீரில் மிதந்தது. ஒரு அண்ணை அந்த வாளியைப் படமெடுத்துக் குழுவில் போட்டார், "எங்கட சின்னம் இப்ப இதுக்குள்ளதான்" என்று. இன்றைக்கும் அந்தப் படம் வரும்.

சப்ளிமேஷன் மை ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் சூட்டில் ஆவியாகிப் பொலியெஸ்டருக்குள் மட்டும்தான் போய்ப் பிடிக்கும். பருத்திக்கு அது ஒட்டாது. அதில் வெள்ளை மையும் கிடையாது, அதனால் கறுப்புத் துணியில் ஒன்றும் தெரியாது. பருத்திக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் சரிவரும், நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், எனவே டிசைனில் நிறத்தைக் குறையுங்கள். இன்னொன்று, வட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பாதீர்கள், அது பிழிந்து சுருக்கித்தான் அனுப்பும். டொக்யுமெண்டாக அனுப்புங்கள். ஏ4 அளவில் தெளிவாக அடிக்க 2480க்கு 3508 பிக்சல் வேண்டும், ஒரு அங்குலத்துக்கு 300 என்ற கணக்கு. லோகோ மாதிரி வேலையைத் தொடக்கத்திலேயே வெக்டரில், அதாவது புள்ளியாக இல்லாமல் கோடாக, கீறினால் இந்தக் கணக்கே தேவையில்லை, அதற்கான இங்க்ஸ்கேப் மென்பொருள் இலவசம்தான். திரையில் மின்னுகிற அந்தப் பச்சையும் நீலமும் மையில் வராது. திரை வெளிச்சத்தைக் கலக்கிறது, மை வெளிச்சத்தைத் தின்கிறது. ஆகவே அடிப்பதற்கு முன் சின்னத் துண்டில் ஒரு சாம்பிள் கேளுங்கள். தரமாட்டேன் என்கிற கடையில் வேலை கொடுக்காதீர்கள். வெட்டுகிற மெஷினுக்குக் கொடுக்கும்போது எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அங்கே அந்த எழுத்துரு இருக்காது, 'யா' ஓரிடத்தில் 'ழ்' ஓரிடத்தில் என்று வந்து நிற்கும்.

நாவற்பழம்

மேசன் பெயரைப் போடுவதில்லைத்தான். ஆனால் இந்த மேசன் பிளானையே திருத்தித் தந்திருக்கிறாரே, கொழும்புத்துறையான்? அது வேறு கணக்கு.

என்னுடையது யாழ் என்கிற நரம்பு வாத்தியம். வீட்டு விறாந்தைச் சுவருக்கு மரமும் செப்புக் கம்பியும் சேர்த்து ஒன்று செய்ய ஆசை. ஏஐயிடம் கேட்டு ஒரு படம் எடுத்தேன். பார்க்க அப்படி ஒரு அழகு. வளைந்த தண்டு, நுனியில் பறவைத் தலை, தங்க நிறத்தில் நரம்புகள். வேப்பம் பலகை வாங்கி, படத்தைப் பெரிதாக அடித்து, கம்பிக்கு மோட்டர் சுற்றுகிற கடையில் செப்புக் கம்பியும் எடுத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கையிலுள்ள தச்சு வேலை செய்கிற ஐயாவிடம் போனேன்.

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து ஒரு நரம்பின் மேல் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போனார். பாதி வழியில் அது இரண்டாகப் பிரிந்தது. அடுத்ததில் வைத்தார், அது பறவையின் கழுத்துக்குள் போய்க் காணாமல் போனது. மூன்றாவது தண்டைத் தொடாமலே காற்றில் நின்றது. பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நரம்பு ரெண்டு பக்கமும் கட்டினாத்தானே நரம்பு. உதில எங்க கட்டுறது?"

பிறகு அவரே எத்தனை நரம்பு வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. செங்கோட்டியாழுக்கு 7, பேரியாழுக்கு 21 என்று அவர் சொல்லித்தான் கேள்விப்படுகிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா அடித்துப் பாடமாக்கியதாம். ஏழு போட்டோம். ஆணி அடித்து முறுக்கேற்றியபோது வேப்பம் பலகையே இலேசாக வளைந்துவிட்டது, பின்னால் ஒரு சட்டம் வைத்து இழுத்துக் கட்டினார். சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் தட்டிப் பார்க்கிறார்கள், சத்தம் கிட்டத்தட்ட டொக் டொக் என்றுதான் வரும்.

அரைத்தையல்

ஏஐ என்றில்லை, சொந்தக் கையால் எடுத்த படத்தையே மென்பொருள் என்ன பாடுபடுத்தும் என்று சொல்கிறேன்.

நூலகம். எந்த நூலகம் என்று நம்மவர்கள் கேட்க மாட்டார்கள். மத்தியானம் போய் ஃபோனில் படம் எடுத்து, கட்டத்துக்கு ஒரு X தையல் போடுகிற கிராஸ் ஸ்டிச் சார்ட்டாக மாற்றினேன், அம்மா தைப்பதற்காக. 14 கவுண்ட் அய்டா துணி, அதாவது அங்குலத்துக்கு 14 தையல், அகலம் 210 தையல், உயரம் 140. அதாவது 15 அங்குலத்துக்கு 10. மென்பொருள் முதலில் வெள்ளைக்கு மட்டும் ஒரு பட்டாளம் நூல் கேட்டது. டிஎம்சி நூல் எண்ணில் பிளாங், பி5200, 3865, 712, அப்புறம் சாம்பல் நிறங்கள் ஒரு வரிசை. வெள்ளைக் கட்டடம், வெயில், அதற்கு எல்லாம் வேறு வேறு வெள்ளை. நிறத்தைக் குறைத்துக் குறைத்து ஒரு மாதிரி வழிக்குக் கொண்டுவந்து பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா. யன்னல் எல்லாம் நிரம்பக் கறுப்புச் சதுரங்கள், நூல் எண் 310.

"உது எரிஞ்ச பிறகு எடுத்த படமோ?"

"இல்லையம்மா, போன கிழமை நான் எடுத்தது."

"அப்ப ஏன் யன்னல் கரியாக் கிடக்கு?"

நடு வெயிலில் எந்த வீட்டு யன்னலைப் படமெடுத்தாலும் உள்ளே கறுப்பாகத்தான் விழும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு அதெல்லாம் தெரியாது, நான் 81இல பார்த்தனான்" என்றா. 310ஐ எடுக்கவே இல்லை. தன் நூல் பெட்டியிலிருந்து 930ஐ எடுத்து யன்னல் அத்தனையும் தைத்தா. கடும் நீலம், கொஞ்சம் மங்கல். பார்த்தால் உள்ளே யாரோ இருக்கிற யன்னல் மாதிரி இருக்கிறது. உண்மையான நூலகத்துக்கு அப்படி நீல யன்னல் இல்லை.

இப்போது அந்தச் சார்ட்டை இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கோப்பில் இன்னும் 310தான் இருக்கிறது. எதைக் கொடுப்பது?

கொழும்புத்துறையான்

படத்தை எடிட் செய்யும்போது ஷடோவை, இருட்டான இடங்களை, வெளிச்சமாக்கியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. காலை எட்டு மணி வெயிலில் எடுப்பது இன்னும் நல்லது.

அரைத்தையல்

ஓம் அண்ணை. பிரச்சினை அதுதான்.

குப்பிவிளக்கு

அம்மா தைத்ததைக் கொடுங்கள். கேட்கிறவர்களிடம் 310 இல்லை, 930 என்று சொல்லிவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நான் ரெசின் வேலை செய்கிறேன், ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகுகிற பசை. ஒருவர் தன் அப்பாவின் பழைய கடிதத்தை ரெசினில் போட்டுத் தரச் சொன்னார். அசலைத் தொட வேண்டாம், ஸ்கேன் செய்து இரண்டு பக்கமும் ஒரே தாளில் அடிப்போம் என்றேன், ஒத்துக்கொண்டார். மெல்லிய தாளில் அடித்தோம், பழைய கடிதம் போலவே இருக்கட்டும் என்று. தாளுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் பசை பூசிக் காயவிட்டுத்தான் ரெசின் ஊற்றுவது வழக்கம். பூச வேண்டாம், மினுமினுப்பு வரும் என்று அவர் பிடிவாதம். ரெசின் தாளுக்குள் ஊறியது, தாள் கண்ணாடி மாதிரி ஆனது, பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்து எழுத்துக்கு மேலே ஏறிவிட்டது. நான் புதிதாகச் செய்து தருகிறேன் என்று சொல்ல வாயெடுக்கிறேன், அவர் அதை யன்னல் பக்கம் பிடித்துக் கவிழ்த்துக் கவிழ்த்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஒரு சொல் இந்தப் பக்கம், ஒரு சொல் அந்தப் பக்கம். வேண்டாம், இதுவே போதும் என்று கொண்டுபோய்விட்டார். அது நல்ல வேலையா கெட்ட வேலையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கடையில் காட்டுவதற்குப் படம்கூட எடுக்கவில்லை.

சோடனை வீடு

அப்பா மணவறைச் சோடனை செய்கிறவர். றெஜிபோமில் (தெர்மகோல்) அன்னம் வெட்ட வேண்டியிருந்தது. பொம்பிளை வீட்டார் லப்டொப்பில் டிசைன் கொண்டுவந்தார்கள். சுவரில் றெஜிபோமைச் சாத்தி, புரொஜெக்டரால் படத்தை அடித்துக் கோட்டைக் கீறலாம் என்பது என் யோசனை. பாதி அன்னத்தில் கரண்ட் போய்விட்டது. அப்பா என்னை டோர்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு மிச்சத்தைக் கையாலேயே கீறி முடித்தார்.

கரண்ட் வந்ததும் புரொஜெக்டரைத் திரும்பப் போட்டேன். படத்தின் வெளிச்சம் அப்பாவின் கோட்டில் பொருந்தவில்லை. படத்தில் கழுத்து ஒல்லி, அப்பாவுடையது நல்ல மொத்தம். பிழை பிடித்துவிட்டேன் என்று நினைத்து, "கழுத்து மாறிப்போச்சப்பா" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லொறியில ஏத்தி இறக்கேக்க உந்தக் கழுத்து முறியும். படத்தை ஆர் லொறியில ஏத்தினது?"

ஊசிநூல்

உங்கள் அப்பாவை என் வாடிக்கையாளர்களோடு ஒருநாள் கதைக்கவிட வேண்டும். அதிருக்கட்டும், றெஜிபோம் வெட்டுகிற சூட்டுக்கம்பி கடையில் வாங்கினதா? எனக்கு ஒரு மேடைக்குச் சின்னப் பூக்கள் வெட்ட வேண்டியிருக்கிறது, பிளேட்டால் வெட்டினால் மணி மணியாக உதிர்கிறது.

சோடனை வீடு

கடையில் வாங்கியது இல்லை அக்கா. பழைய ஹீற்றர் கொயிலை நிமிர்த்தி வில்லில் கட்டியது. 12 வோல்ட் டிரான்ஸ்போமரில் கொடுக்கிறோம், நேரே பிளக்கில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கம்பி சிவக்கக் கூடாது, சிவந்தால் ஓட்டை பெரிதாகிவிடும். பிளேட்டால்தான் வெட்டுவீர்கள் என்றால் மெழுகுதிரியில் தேய்த்துத் தேய்த்து வெட்டுங்கள், உதிராது. யன்னலைத் திறந்து வையுங்கள், கம்பியால் வெட்டினால் அந்தப் புகை கூடாது.