மறு: 'மறை ஏற்றத்தாழ்வு' வேண்டாம், 'பெறுவழி ஏற்றத்தாழ்வு' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். சோவியத் காலத்தையும் அதற்குப் பிந்தைய ரஷ்யாவையும் பற்றி எழுதத் தமிழ்ச் சொற்கள் ஆக்கும் நம் பேச்சில், வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> சோவியத் காலத்தில் சம்பள வித்தியாசம் குறைவு, ஆனால் சலுகைகள் இருந்தன. பணக் கணக்கில் வராத அந்த வித்தியாசத்தை 'மறை ஏற்றத்தாழ்வு' எனலாமா? 'மறைமுக வருமானம்' என்றும் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது.

இரண்டுமே எனக்கு ஒப்புதல் இல்லை. 'மறைமுக' என்றதும் மறைமுக வரிதான் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடலாம். 'மறை ஏற்றத்தாழ்வு' அதைவிடச் சிக்கலானது. உள்ளே ஒளிந்திருந்தது, சோவியத் ஒன்றியம் கலைந்த 1991க்குப் பிறகு வெளியே தெரிந்தது, அவ்வளவுதான் என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ரஷ்ய அரசின் புள்ளிவிவரத்திலேயே கினி கெழு (வருமான ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை அளக்கும் எண், கூடினால் ஏற்றத்தாழ்வும் கூடுதல்) 1991ல் 0.26, 1994ல் 0.41. மூன்றே ஆண்டில் இவ்வளவு ஏறியதை 'மறைந்திருந்தது வெளிப்பட்டது' என்று சொல்ல முடியாது. 1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள், அந்த ஒரே ஆண்டில் விலைகள் ஏறக்குறைய 26 மடங்காயின, வயதானவர்கள் ஆயுள் முழுக்கச் சேமித்தது கரைந்துபோனது. இது புதிதாக நிகழ்ந்த கொடுமை. நாம் ஆக்கும் சொல் அதை மூடி மறைக்கக் கூடாது.

சரி, முன்பு இருந்தது என்ன? அங்கே பணம் இருந்தால் போதாது, பொருளைப் பெற ஒரு வழி வேண்டும். இறைச்சியின் அரசு விலையை 1962ல் ஏற்றிய பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தொடவேயில்லை. விலை மலிவு, கடையில்தான் சரக்கு இல்லை. துலா, ரியாசான் போன்ற ஊர்களிலிருந்து மாஸ்கோவுக்கு ரயில் ஏறிவந்து இறைச்சி வாங்கிப் போனார்கள், அந்த ரயில்களுக்குத் தொத்திறைச்சி ரயில் என்றே பெயர். மாஸ்கோவில் குடியிருக்க 'புரோபிஸ்கா' என்ற குடியிருப்புப் பதிவு வேண்டும், நினைத்தவர்கள் எல்லாம் போய்த் தங்கிவிட முடியாது. கம்யூனிஸ்ட் கட்சியின் உயர்பதவிப் பட்டியலில் இருந்தவர்களுக்கு வரிசையே இல்லாத தனி விநியோக நிலையங்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்குப் 'பெரியோஸ்கா' என்ற தனிக் கடைகளில் பணம்போலச் செல்லும் சான்றிதழ்கள். இவை எதுவும் வாய்க்காத சாதாரண ஆளுக்கு 'பிளாத்', அதாவது தெரிந்தவர் மூலம் காரியம் முடிப்பது. கூட்டுப் பண்ணை விவசாயிகளுக்கு 1965 வரை அரசின் ஒழுங்கான ஓய்வூதியம்கூடக் கிடையாது. ஊர்விட்டு ஊர் போய்க் குடியேறத் தேவையான உள்நாட்டுப் பாஸ்போர்ட்டை அவர்களுக்கும் உரிமையாக்கிய விதி 1974ல்தான் வந்தது. இருவர் சம்பளம் ஒன்றாகவே இருந்தாலும் வாழ்க்கை ஒன்றாக இல்லை.

இதற்கு 'அணுகல் ஏற்றத்தாழ்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அணுகல் என்ற சொல் இணையத்தில் ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. அதோடு, கடை வாசலை யாரும் அணுகலாம், அங்கே நாள் முழுக்க வரிசையில் நிற்கலாம், கிடைப்பது வேறு விஷயம். அதனால்தான் நான் பெறுவழி என்கிறேன். ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை, சொல்ல எளிது. 'அதுக்கு ஒரு வழி இருக்கு' என்று பேச்சில் சொல்கிறோமே, அந்த வழியும் இதில் வந்துவிடுகிறது. பெறுவழி ஏற்றத்தாழ்வு, மூடிய பெறுவழி (தனி விநியோக நிலையங்களுக்கு) என்று கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் அமைகின்றன. 'வருமான மூலம்' என்று குழப்பிக்கொள்வார்களே என்றால், முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

இந்தச் சொல் 1990களையும் விளக்க உதவும் என்பதுதான் எனக்கு முக்கியம். பெறுவழி கையில் இருந்தவர்கள் பலர் அதைச் சொத்தாக மாற்றிக்கொண்டார்கள். 1992 அக்டோபர் முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள சீட்டு கொடுத்தார்கள், தனியார்மயமாகும் அரசு ஆலைகளின் பங்குகளை அதைக் கொடுத்து வாங்கலாம். விலைவாசி ஓடிய ஓட்டத்தில் பலர் அதைக் கிடைத்த காசுக்கு விற்றார்கள், ஆலை இயக்குநர்களோ உள்ளிருந்தபடியே பங்குகளைச் சேர்த்தார்கள். 1995ல் நோரில்ஸ்க் நிக்கல் என்ற பெரிய உலோக நிறுவனத்தின் 38 விழுக்காடு பங்கு சுமார் 17 கோடி டாலருக்கு ஒரு வங்கியின் கைக்குப் போனது, அந்த ஏலத்தை நடத்தியதும் அதே வங்கிதான்! முன்பு வரிசையில் நிற்காதவர்களும் இப்போது ஏலத்தில் வென்றவர்களும் அப்படியே ஒரே ஆட்கள் என்று நான் சொல்லவில்லை, புதியவர்களும் நிறையப் பேர் வந்தார்கள். ஆனால் யாரைத் தெரியும் என்பதன் மதிப்பு குறையவில்லை.

இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்றும் இல்லை. செக் குடியரசும் அதே காலத்தில் சீட்டு கொடுத்துத்தான் தனியார்மயம் செய்தது. அங்கும் மோசடிகள் நடந்தன. ஆனால் ஓய்வூதியத்தையும் உதவித்தொகையையும் கைவிடவில்லை, வேலையின்மையும் 90களின் நடுப்பகுதி வரை குறைவாகவே இருந்தது. அங்கே கினி கெழு இன்றும் 0.25 அளவில்தான் நிற்கிறது. 'மறை ஏற்றத்தாழ்வு' என்று எழுதும் கட்டுரையில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இருக்காது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

> 1995 ஏலங்களுக்குப் 'பங்கீட்டுக் கடன் திட்டம்'?

கூடாது. பங்கீடு என்றால் நமக்குப் பங்கீட்டு அட்டை, அதாவது ரேஷன். அரசு தன் பங்குகளை வங்கிகளிடம் அடகு வைத்துக் கடன் வாங்கியது, திருப்பித் தரவில்லை, பங்குகள் போயின. 'பங்கு அடமானக் கடன்' என்றாலே புரிந்துவிடும்.

> 'உராவ்னிலோவ்கா'வுக்குச் 'சமத்துவ ஊதியம்'?

எல்லோருக்கும் ஒரே கூலி என்ற பொருளுள்ள அந்த ரஷ்யச் சொல்லை ஸ்டாலின் 1931 ஜூனில் வசையாகத்தான் பயன்படுத்தினார், திறமையானவருக்கும் மற்றவருக்கும் ஒரே கூலியா என்று கேட்டு. சமத்துவம் என்ற நல்ல சொல்லை அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 'ஊதிய மட்டமாக்கல்' என்றால் அந்த வசை தொனியும் கொஞ்சம் கிடைக்கும்.

சோவியத் முறையிலிருந்து சந்தைக்கு மாறிய ஆண்டுகளுக்கு 'மாறுகாலம்', 'நிலைமாற்றக் காலம்' இரண்டில் எது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. சுருக்கமாக இருப்பதால் மாறுகாலத்துக்கு என் வாக்கு. பெறுவழிக்கு மறுப்பு இருந்தால், எந்த வாக்கியத்தில் அது இடறுகிறது என்று அந்த வாக்கியத்தையே போட்டுக் காட்டுங்கள்.