மியூவோட (µ, மைக்ரோவக் குறிக்கற கிரேக்க எழுத்து) வாலு கண்ணுல படாம போன கதை, உங்களுக்கும் இருக்கா?

நைட் ட்யூட்டி
வேலைக்குச் சேர்ந்து மூணாவது வாரம். கேஸ் ஷீட்ல டிஜாக்சின்ங்கற இதய மருந்து 62.5னு கையால எழுதி இருந்துச்சு, யூனிட்ட நான் மில்லிகிராம்னு படிச்சேன். ட்ரேல இருந்தது 0.25 மில்லிகிராம் மாத்திரை. எத்தனை குடுக்கணும்னு கால்குலேட்டர்ல வகுத்தா 250ன்னு வருது. திரும்ப அடிச்சேன், அதே 250. பேஷண்ட் வயசான அம்மா, வாயத் திறந்து தண்ணி டம்ளரோட உக்காந்திருக்காங்க. சீனியர் சிஸ்டர்கிட்ட ஓடினேன். அவங்க ஷீட்ட ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சு, அந்த எழுத்தோட இடது பக்கம் கீழ இறங்கின சின்னக் கோட்ட நகத்தால தொட்டு, "இது எம் இல்லடி, மியூ"ன்னாங்க. மைக்ரோகிராம். குடுக்க வேண்டியது கால் மாத்திரை. ஆயிரம் மடங்கு வித்தியாசம் அந்த வாலுல இருக்கு. மாத்திரைங்கறதால 250ன்னு நம்பர் வந்து என்னைத் தடுத்துச்சு. இதே மருந்த நரம்புக்குள்ள மெதுவா ஏத்தற இன்ஃப்யூஷன் பம்ப்பா இருந்தா, மருந்து ஏற்கனவே சிரிஞ்சுல நிறைஞ்சிருக்கும், யூனிட்ட மட்டும் தப்பா தேர்ந்தெடுத்தா எதுவும் தடுக்காது. அத நினைச்சா இன்னிக்கும் தூக்கம் போயிடுது. உங்க யாருக்காவது இந்த எழுத்தால இப்படி ஆகியிருக்கா?

பட்டறை மேஜை
எனக்கு ஆச்சு, ஆனா கையெழுத்தால இல்ல, டைப் அடிச்சதுலயே. போல்ட்டுக்கு ஜிங்க் ப்ளேட்டிங் 8 மைக்ரான்னு ஸ்பெக் அனுப்பினோம், ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. என் ஸ்க்ரீன்ல அழகா மியூ தெரியுது, பிரிண்ட்லயும் தெரியுது. ரெண்டு நாள் கழிச்சு ப்ளேட்டிங் போடறவர் போன் பண்றார், "சார், எட்டு எம்எம் போல்ட் மேல எட்டு எம்எம் ஜிங்க் எப்படி சார் ஏத்தறது"ன்னு. அவர் கம்ப்யூட்டர்ல அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. எங்க பழைய டெம்ப்ளேட்ல மியூவுக்கு சிம்பல் ஃபான்ட் போட்டிருந்தாங்க, அந்த ஃபான்ட்ல சின்ன எம் கீயைத் தட்டினாத்தான் மியூ வரும். ஃபைல் வேற மெஷினுக்குப் போயி ஃபான்ட் கழண்டா உள்ள இருக்கற எம் வெளிய வந்துடும். அவர் போன் பண்ணிக் கேட்டார், சரி. கேக்காம அவரா ஒரு கணக்குப் போட்டு செஞ்சிருந்தா அந்த லாட் மொத்தமும் போயிருக்கும். அதுக்கு முன்னாடி அதே டெம்ப்ளேட்ல எத்தனை ஸ்பெக் அனுப்பினோம்னு இன்னும் தேடிப் பாத்துட்டு இருக்கேன்.

கோடு எழுதறவன்
பட்டறை அண்ணே, ஃபான்ட் போனா மட்டும் இல்ல, ஃபான்ட் சரியா இருந்தாலும் மாட்டும். நான் லேபிள் அடிக்கற ப்ரோக்ராம் ஒண்ணு எழுதினேன், எல்லா வரியும் கேப்பிட்டல்ல வரணும்னு கேட்டாங்க, ஒரே ஒரு ஃபங்ஷன் போட்டு மாத்திட்டேன். மியூவோட கேப்பிட்டல் என்ன தெரியுமா, பாக்க அச்சு அசல் இங்கிலீஷ் பெரிய எம். மைக்ரோகிராம் லேபிள்ல எம்ஜின்னு நிக்குது. டெஸ்ட் ரோல்ல பாத்தப்ப எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு.
இதுக்கு என்ன பண்ணணும்னா, முதல்ல கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் நம்பர் குடுக்கற யூனிகோட்ல மியூவுக்கு ரெண்டு இடம் இருக்குன்னு புரிஞ்சுக்கணும், ஒண்ணு மைக்ரோ சைன்னு தனியா, இன்னொண்ணு கிரேக்க எழுத்து வரிசைல. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, மெஷினுக்கு வேற வேற. ஒருத்தர் மைக்ரோ சைன்ல சேவ் பண்ணி இன்னொருத்தர் கிரேக்க மியூல தேடினா ரெக்கார்டே இல்லைன்னு சொல்லிடும். அதனால டேட்டா உள்ள வர்ற இடத்துலயே இப்படிப்பட்ட இரட்டை எழுத்துகள ஒண்ணாக்கற என்எஃப்கேசி நார்மலைசேஷன் போட்டு எல்லாத்தையும் கிரேக்க மியூவா ஆக்கிடுங்க. அடுத்தது, யூனிட் இருக்கற கட்டத்த கேப்பிட்டல் ஆக்கற வேலையே வேணாம், எஸ்ஐங்கற சர்வதேச அளவு முறைல சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா, பெருசு சின்னது மாறினா அர்த்தமே மாறிடுது. முடிஞ்சா யூனிட்ட ஃப்ரீ டெக்ஸ்டா வாங்காம லிஸ்ட்ல இருந்து தேர்ந்தெடுக்க வைங்க. நர்ஸ் அக்கா, உங்க இடத்துலயும் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா இந்தப் பிரச்னையே வராது.

நைட் ட்யூட்டி
தம்பி, நீங்களே மேல லேபிள் கதை சொல்லிட்டு கம்ப்யூட்டர் வந்தா வராதுங்கறீங்களே.

கோடு எழுதறவன்
சரிக்கா, அது நியாயம்.

லென்ஸ் பெட்டி
மியூன்னாலே கிரேக்கத்துல சின்னதுன்னு அர்த்தம்னு நிறைய பேர் சொல்றாங்க, அப்படி இல்லைங்க. சின்னதுங்கறது மிக்ரோஸ், அந்த வார்த்தை மியூல ஆரம்பிக்குது, அதனால அந்த எழுத்த எடுத்துக்கிட்டாங்க. எழுத்தோட பேரு ஃபினீஷியன்ல தண்ணின்னு பொருள்படற மேம்ங்கற எழுத்துலருந்து வந்தது, அலை அலையா போடுவாங்க. கிரேக்க எண் முறைல மியூன்னா 40. மைக்ரோஸ்கோப், மைக்ரான், ஓமிக்ரான் எல்லாம்தான் மிக்ரோஸ் குடும்பம், ஓமிக்ரான்னா சின்ன ஓ, ஒமேகான்னா பெரிய ஓ.
என் அனுபவம் சின்னது. அப்பாவோட பழைய மைக்ரோஸ்கோபி புஸ்தகத்துல பாக்டீரியா அளவு 2ன்னு போட்டுப் பக்கத்துல வெறும் மியூ, மீட்டர் இல்ல, ஒண்ணும் இல்ல. அச்சுப் பிழைன்னு நினைச்சு பென்சில்ல பக்கத்துல எம் சேர்த்துக்கிட்டே போனேன், நாப்பது பக்கம். அப்புறம்தான் தெரிஞ்சுது அந்தக் காலத்துல மைக்ரானுக்கு வெறும் மியூவே போதும்னு. 1967-68ல நடந்த எடை அளவு மாநாட்டுலதான் மைக்ரான்ங்கற பேரையும் அந்தக் குறியீட்டையும் நீக்கினாங்க, இனிமே மைக்ரோமீட்டர்னுட்டாங்க. பட்டறைல இன்னும் மைக்ரான்தான் பேசறாங்க, எனக்கும் வாயில அதான் வருது. அப்பா புஸ்தகத்துல நான் போட்ட பென்சில் அழிக்கவே மனசு வரல, அழிச்சா அவர் போட்ட அடிக்கோடும் போயிடும்.

மேகப்பெட்டி
எல்லாரும் யூனிட்டாவே பேசறீங்க. எனக்கு மியூன்னா மியூவான்ங்கற துகள். காலேஜ்ல துகள் போற தடத்தக் காட்டற க்ளவுட் சேம்பர் செஞ்சோம், அடியில ட்ரை ஐஸ், உள்ள ஆல்கஹால் ஆவி, லைட்ட அணைச்சு டார்ச்ச சாய்ச்சு அடிச்சோம். ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. திடீர்னு ஒரு கோடு, ரூல் போட்டு இழுத்தாப்ல நேரா, முடி மாதிரி மெலிசா, ரெண்டு செகண்ட்ல கரைஞ்சிடுச்சு. அது பல கிலோமீட்டர் உயரத்துல காத்துல பொறந்து கீழ வந்தது. மியூவானோட சராசரி ஆயுசு 2.2 மைக்ரோசெகண்ட், மியூவ அளக்கவே மியூ வேணும். அந்த ஆயுசுல ஒளி வேகத்துல போனாக்கூட 660 மீட்டர்தான் தாண்டும், வேகத்தால அதோட நேரம் நமக்கு நீளமா தெரியறதாலதான் தரை வரைக்கும் வந்து சேருது. கடல் மட்டத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒண்ணு மாதிரி வருது, உள்ளங்கைய விரிச்சு வைங்க, செகண்டுக்கு ஒண்ணு போல ஊடுருவிட்டுப் போகும். 1936ல ஆண்டர்சனும் நெடர்மையரும் கண்டுபிடிச்சது. பின்னாடி மியூ மீசான்னு பேரு வச்சாங்க, அப்புறம்தான் அது மீசான் வகைத் துகளே இல்லைன்னு தெரிஞ்சுது, எலக்ட்ரானோட சொந்தம், 207 மடங்கு கனம். எங்க சார் கடைசி வரை மியூ மீசான்னுதான் சொன்னார், நான் திருத்தினேன், முகம் சுருங்கிடுச்சு. அந்தக் கோட்ட முதல்ல எனக்குக் காட்டினவரே அவர்தான், அன்னிக்கு நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்.

பதினொண்ணாம் வகுப்பு
உராய்வுக் குணகம் மியூ 1.2ன்னு விடை வந்துச்சு, மிஸ் சிவப்பு மைல வட்டம் போட்டு ஒண்ணுக்கு மேல வராதுன்னு எழுதிட்டாங்க. வரும். காஞ்ச ரோட்டுல ரேஸ் டயருக்கு ஒண்ணத் தாண்டும். ரெண்டு மார்க் போச்சு, போனா போகுது, ஆனா அந்த வட்டம் நோட்டுல அப்படியே இருக்கு.

மயக்க அறை
நர்ஸ் அக்காவுக்கு ஒண்ணு சொல்லணும். ஆபரேஷன் முடிஞ்சு ரெக்கவரில ஒருத்தர் மூச்சு குறைஞ்சுக்கிட்டே போச்சு, நிமிஷத்துக்கு ஆறு, அப்புறம் அஞ்சு, கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி. ஃபென்டனில்ங்கற வலி மருந்து அதிகம். அத முறிக்கற நலாக்சோன் ஏத்தினதும் ஒரு நிமிஷம் ஆச்சோ இல்லையோ நெஞ்சு பெருசா ஏறி இறங்குச்சு. அந்த மருந்து ரெண்டும் மூளைல சண்டை போடற இடத்துக்குப் பேரு மியூ ரிசப்டர், மார்ஃபினோட முதல் எழுத்துக்காக வச்ச மியூ. ஃபென்டனில் அளவும் மைக்ரோகிராம்லதான். அன்னிக்கு ராத்திரி முழுக்க ரெண்டு மியூவும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு.
நீங்க இப்ப எப்படி எழுதறீங்க? நாங்க மைக்ரோகிராமுக்கு எம்சிஜின்னு போடறோம்.

நைட் ட்யூட்டி
எம்சிஜியும் போடலாம், எனக்கு அந்த சி மேலயும் நம்பிக்கை வரல, அவசரத்துல எழுதினா எம்முக்குள்ள ஒட்டிக்குது. மைக்ரோகிராம்னு முழுசா எழுதறேன், கட்டத்துக்குள்ள அடங்கலன்னா கோட்ட தாண்டி எழுதறேன். ஷீட் அசிங்கமா இருக்குன்னு ரெண்டு டாக்டர் சொல்லிட்டாங்க. அந்த சீனியர் சிஸ்டர் ரிட்டயர் ஆயிட்டாங்க, போன வாரம் போன் பண்ணேன், 250 ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். "நீ மறுபடி அடிச்சுப் பாத்தியே, அதுதான் ஞாபகம் இருக்கு"ன்னாங்க.